என் இடது கால் தரையில்தான் இருந்தது

தம்பி,

'அன்புள்ள' என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி தொடங்குகிறேன். அன்பு இல்லாமல் இல்லை. இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதற்கு, 'சரிப்பா, யோசிக்கிறேன்' என்று வைத்துவிட்டேன். அப்பாவின் வருஷ திவசத்துக்கு வரும்போது வண்டியை விற்றுவிடலாம், வீட்டைப் பூட்டிவிட்டு என்னை உன்னோடு துபாய்க்குக் கூட்டிப்போய்விடலாம் என்று எல்லாவற்றையும் நீயே முடிவு செய்து வைத்திருந்தாய். "ஒனக்குத்தான் ஓட்ட வராதேம்மா. ஏற்கெனவே ஒரு கியர்பாக்ஸ முடிச்சாச்சு" என்று சிரித்தாய். பக்கத்தில் மருமகளும் சிரித்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், அவளுக்கு நீ சொன்னதுதான் தெரியும். நீ சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டு ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுவாய். அதனால் பேப்பரில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். வண்டியை விற்கப்போவதில்லை, நானும் வரப்போவதில்லை. ஏன் என்பதைக் கடைசிவரை உட்கார்ந்து படி.

நீ வாங்கிக் கொடுத்த வண்டி என்பதை நான் மறக்கவில்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் போய், வாரம் இரண்டு நாள் திருச்சிக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும் என்றானபோது, ஏழு பேர் உட்காரும் அந்தப் பெரிய வண்டியை ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து வாங்கினாய். "கிளட்ச்சே இல்லம்மா. ஒரு காலு போதும். ஒன்னால முடியும்" என்றாய். முப்பத்திரண்டு வருடம் கிராம சுகாதார நர்ஸாக வாலிகண்டபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மொபெட்டில் திரிந்தவள் நான். ரிட்டயர் ஆனபிறகு, ஐம்பத்தெட்டு வயதில், பெரம்பலூர் டிரைவிங் ஸ்கூலில் காலேஜ் பிள்ளைகளோடு வரிசையில் நின்று லைசென்ஸ் எடுத்தேன். உங்கள் அப்பா வாத்தியாராக வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தவர். சைக்கிளைத் தவிர எதையும் தொட்டதில்லை. நம் ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்று எத்தனை பேர் சொல்லியும் அந்தத் திருச்சி டாக்டரை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஆக, அவர் போகவேண்டிய இடத்துக்கு நான்தான் ஓட்டவேண்டும். ஒரு வருடம் ஓட்டினேன். ஒரு கீறல் விழவில்லை. வீட்டுக்கு முன்னால் சரிவில் ரிவர்ஸிலேயே ஏற்றி நிறுத்துவேன், காலையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு நேராகக் கிளம்ப வசதியாக. அதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை.

பிறகு அந்தப் பொங்கல் வந்தது. நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாய். நீ விமானம் ஏறின அடுத்த வாரத்திலிருந்து வண்டி வேறு வண்டியாகிவிட்டது. காலையில் கியரை D-யில் போட்டால் உடனே நகராது. ஒரு நொடி யோசித்துவிட்டு, முதுகில் யாரோ இடித்த மாதிரி ஓர் உதறலோடு கிளம்பும். பாடாலூர் தாண்டினால் நடுக்கம். திருச்சி நெரிசலில் ஊர்ந்தபிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், சுற்று காட்டும் முள் ஏறும், வேகம் ஏறாது. வீட்டுச் சரிவில் ரிவர்ஸ் போட்டால் உறுமிக்கொண்டு அங்கேயே நிற்கும். அரை மணி ஆறவிட்டால் ஏறும். உன்னிடம் சொன்னேன். நீ கேட்ட முதல் கேள்வி என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, நீ எடது காலையும் சேத்து வச்சு பிரேக்க மிதிக்கிறியா?" என்றாய், ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக அழுத்தினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று. எப்போது ஆகிறது, எவ்வளவு தூரம் போனபின் ஆகிறது, குளிர்ந்திருக்கும்போதா சூடானபிறகா, ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றுவலி என்று வருகிற பெண்ணிடம் நேற்று என்ன தின்றாய் என்றுகூடக் கேட்காமல் 'நீயே இழுத்து வச்சுக்கிட்டது' என்கிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளையும் அந்த ஜாதியில் சேர்வான் என்று நினைத்ததில்லை.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். காய்ச்சல்காரருக்கு சார்ட் போடுவதுபோல வண்டிக்கு ஒரு சார்ட் போட்டேன். பழைய தடுப்பூசி ரிஜிஸ்டரின் பின்பக்கங்களில் கோடு கிழித்து, மணி, ஓடிய தூரம், வெயில், நெரிசல், எந்த கியரில் என்ன செய்தது என்று தினமும் எழுதினேன். மூன்றே வாரத்தில் தெரிந்துவிட்டது, இது சூடு ஏறினால் வருகிற நோய் என்று. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தால்கூட, அன்றைக்கு ரிவர்ஸ் ஏறாது. அந்த ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு திருச்சி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பேர் வேண்டாம், உனக்குத் தெரிந்த இடம்தான். அங்கிருந்த சர்வீஸ் பையன் ரிஜிஸ்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு ஒயரைச் சொருகினான். கம்ப்யூட்டரில் எதுவும் காட்டவில்லை. காலையிலிருந்து நிழலில் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போய் வந்து, நன்றாக இருக்கிறது என்றான். சூடானால்தான் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் எனக்குப் பதில் சொல்லாமல் ரிக்கார்டில் இருந்த உன் நம்பருக்குப் போன் போட்டான். "சார், வண்டியில ஒண்ணுமில்ல சார். மேடம் டிரைவிங் ஹாபிட்தான்" என்று என் முன்னாலேயே சொன்னான். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், தம்பி, கையில் சாவியோடு.

அன்று மாலை நீ ஸ்பீக்கரில் பேசினாய். அப்பாவிடம் கேட்டாய். "ஆமாப்பா, அவ ரெண்டு காலையும் போட்டு மிதிக்கிறா, நான் பாத்துருக்கேன்" என்றார் உங்கள் அப்பா. நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய மனுஷர். என் முகத்தைப் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு முதலில் கோபம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. ஒருவேளை நான் அப்படித்தான் மிதிக்கிறேனோ என்று. மறுநாள் ஓட்டும்போது என் காலையே குனிந்து குனிந்து பார்த்தேன். சாலையைப் பார்க்கவேண்டியவள் காலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தீர்கள்.

மாசியில் ஒரு நாள், டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, பாடாலூருக்கு இந்தப் பக்கம் வண்டி சுத்தமாக இழுப்பதை நிறுத்திவிட்டது. அப்பா வெயிலில் முக்கால் மணி நேரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறினதும் வண்டி ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பியது. அன்றைக்குத்தான் நீ தீர்ப்பு எழுதினாய். அம்மா இனி ஓட்டக்கூடாது, குமாரை டிரைவராகப் போட்டாச்சு என்றாய். சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டாய், 'அம்மா புண்ணியத்தில் கியர்பாக்ஸ் அவுட்' என்று, பக்கத்தில் சிரிக்கிற பொம்மைகள். குமார் வந்த மூன்றாம் நாள் உனக்குப் போன் செய்து, "சார், சூடானா வண்டி இழுக்க மாட்டேங்குது" என்றான். நான் ஒரு ரிஜிஸ்டர் முழுக்க எழுதியதை அவன் ஒரு வரியில் சொன்னான். மறுநாளே கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றச் சொன்னாய். மாற்றியதும் ஓரளவு ஓடியது, ரிவர்ஸ் மட்டும் தகராறு. அப்போதும் யாரும் என்னிடம் வந்து, நீ சொன்னது சரிதான் என்று சொல்லவில்லை. 'அம்மா கெடுத்ததை குமார் கண்டுபிடித்தான்' என்றுதான் கதை போயிற்று.

இனி எழுதப்போவது என் தப்பு. உன்னைத் திட்டுகிற சாக்கில் இதை ஒளிக்கமாட்டேன். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு குமார் போன் செய்து, அவன் குலதெய்வம் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், வரமுடியாது என்றான். எட்டு மணிக்கு அப்பாவுக்கு மெஷின். வாடகை வண்டிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. அப்பா குளித்து, சட்டை போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீயே எடேன்" என்றார். சாவி டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. வண்டி அப்போது ஓடுகிற நிலையில்தான் இருந்தது, முன்பக்கமாக. எனக்குத் தெரியும். நான், "எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே. ரெண்டு காலயும் போட்டு மிதிச்சுப்புடுவேன்" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் ஏதாவது சொல்வார் என்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே காத்திருந்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. அன்றைக்கு டயாலிசிஸ் இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமை குமார் வந்தான். அதற்குள் அப்பாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது.

புரட்டாசியில் அவர் போனார். அந்த ஒரு நாள் தவறியதால்தான் போனார் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் நர்ஸ்தான், அப்படிச் சொல்ல எனக்கும் ஆதாரம் இல்லை. ஆனால் எத்தனையோ வீடுகளில் 'ஒரு நாள்தானே' என்று மாத்திரையை விட்டவர்களை நான் வாசலில் நின்று ஏசியிருக்கிறேன். என் வீட்டில் ரோஷத்துக்காக ஒரு நாளை நானே விட்டேன். உனக்கு இதைச் சொன்னதில்லை. குமார் லீவு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

வண்டி அதன்பிறகு தார்ப்பாய் போட்டு நின்றது. போன மாதம் மெடிக்கல் கடைக்காரர் அரியலூரில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிறவர், ஜமால் பாய் என்று. பேட்டரி மாற்றி, நானே ஓட்டிக்கொண்டு போனேன். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில், அரியலூர்வரை. அந்த மனிதர் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் உட்காரச் சொல்லி, "எப்ப இழுக்காது நர்சம்மா? பச்சையா இருக்கும்போதா, சூடாச்சுன்னாவா?" என்று கேட்டார். பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். "இத வச்சே பாதி வேல முடிஞ்சுது" என்றார். பிறகு என்னையே ஓட்டச் சொன்னார். திருமானூர்வரை போய்த் திரும்பினோம். சூடு ஏறட்டும் என்று கொள்ளிடக்கரைப் பக்கம் வேண்டுமென்றே ஊர்ந்து போகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து என் காலையும் முள்ளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஒங்க எடது காலு தரைய வுட்டு எழும்பவே இல்லீங்களே. ரெண்டு கால்ல மிதிக்கிறீங்கன்னு யாரு சொன்னா?"

"எம் மவன்."

"கூட ஒக்காந்து பாத்தாரா?"

"இல்லீங்க பாய். துபாய்லேருந்து பாத்தான்."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் கியர் பொட்டிய எறக்கிப் பாத்துருவோம், இன்ஷா அல்லா" என்றார்.

மறுநாள் நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆயில் சிவப்பாக வரவேண்டுமாம். டிகாஷன் மாதிரி வந்தது, கருகின வாடையோடு. அடித்தட்டில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை அப்பியிருந்தது. தேய்ந்த இரும்புப் பொடி அது என்றார். உள்ளே மெல்லிய வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, தம்பி. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் இல்லை என்று நீ சொன்னது தப்பு. கிளட்ச் உள்ளே இருக்கிறது, ஒன்று இல்லை, பல. கியருக்குத் தகுந்தமாதிரி அவற்றில் சில இறுகிப் பிடிக்கும். தாங்கமுடியாத பாரத்தை இழுக்க வைத்தால் வழுக்கி, சூடேறி, கருகும். அவர் இரண்டு அடுக்கை என் முன்னால் பேப்பரில் பரப்பினார். முன்னால் போகிற தட்டுகள் தேய்ந்திருந்தன, ஆனால் இருந்தன. ரிவர்ஸ் தட்டுகள் தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி கருப்பாக இருந்தன.

"இது ஓட்டி ஓட்டிப் போனது இல்ல நர்சம்மா" என்றார். "எதையோ பெரிய பாரத்தக் கட்டி, பின்னால இழுத்துருக்காங்க. நீங்க எதையாச்சும் கட்டி இழுத்தீங்களா?" நான் இல்லை என்றேன். அவர் முன்னால் போய் பம்பருக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். கயிறு கட்டுகிற கொக்கி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. இடுக்கில் நீல நைலான் நார் இரண்டு மூன்று இழை சிக்கியிருந்தது.

எனக்கு அப்போதே உன் முகம்தான் வந்தது. காணும் பொங்கலன்று அப்பாவையும் ஏற்றிக்கொண்டு எறையூர் பக்கம் சிநேகிதர்களைப் பார்க்கப் போனாய். திரும்பும்போது வண்டியெல்லாம் சேறு. நீயே பைப் போட்டுக் கழுவினாய். பிறந்ததிலிருந்து ஒரு தட்டைக் கழுவாத பிள்ளை. பஸ் ஏறி எறையூர் போனேன். செல்வராசை உனக்குத் தெரியும், டிராக்டர் வைத்திருக்கிறவர். அவர் பிள்ளைகள் மூன்றுக்கும் தடுப்பூசி போட்டவள் நான். கேட்டதும் சொல்லிவிட்டார். "ஆமாங்க நர்சம்மா, கரும்பு லோடோட நம்ம வண்டி சேத்துல எறங்கிப்போச்சு. தம்பிதான், என் வண்டி இழுக்கும்னு கயித்தக் கட்டி ரிவர்ஸ்ல இழுத்துப் பாத்தாப்ல. எல்லாம் நின்னு கைதட்டிக்கிட்டு இருந்தானுவ. அரை மணி நேரம் ஒறுமுச்சு, பொகை வந்துச்சு, ஒரு சாண்கூட நவரல. அப்புறம் வேற டிராக்டர் வந்துதான் இழுத்துச்சு. நம்ம வாத்தியார் சாரு உள்ளதான் ஒக்காந்திருந்தாரு. அம்மாகிட்ட சொல்லிப்புடாதீங்கப்பான்னு தம்பி சொல்லுச்சு. சாரும் சிரிச்சாரு." அவர் கொடுத்த டீயை நான் குடித்தேனா என்று எனக்கு நினைவில்லை.

வண்டி கெட்டதற்காக எனக்குக் கோபம் இல்லை. தட்டு மாற்றியாயிற்று. ஜமால் பாய் ஆயில் ஆறும் குழாயையும் கழுவி, புது ஆயில் ஊற்றி, வண்டி மிதமான சூட்டில் நிற்கும்போது அளவு பார்த்து, வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் புதுத் தட்டுகளைப் பழக்கிக் கொடுத்தார். பத்து நாளில் சரிசெய்யக் கூடிய விஷயம் அது. 'அம்மா, நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன்' என்று அன்று மாலையே சொல்லியிருந்தால் நான் நாலு திட்டுத் திட்டிவிட்டு வண்டியைக் கொண்டுபோய் விட்டிருப்பேன். நீ சொல்லவில்லை. அதைக்கூடப் பயம் என்று விட்டுவிடலாம். காரணம் தெரிந்திருந்தும் என் காலைக் காட்டினாயே, அதைத்தான் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் எனக்கும் பங்கு உண்டு. நீ ஆறாவது படிக்கும்போது என் ஆபீஸ் பிரஷர் மெஷினை விளையாட்டாக எடுத்து உடைத்துவிட்டாய். பாதரசம் கட்டிலுக்கடியில் ஓடிக் கிடந்தது. அப்பா, 'நான்தான் கை தவறிப் போட்டுட்டேன்' என்றார். பொய் என்று தெரிந்தும் நான் உன்னைக் கேட்கவில்லை. ஒரே பிள்ளை, போகட்டும் என்று, ஆபீஸுக்கு என் பேரிலேயே விளக்கம் எழுதிக் கொடுத்தேன். உன் தப்புக்கு அப்பா மறைப்பு, நான் பொறுப்பு என்று அன்றைக்கே உனக்குப் பழக்கிவிட்டேன். உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் எதையாவது உடைத்தால் அடிக்காதே, ஆனால் அவள் வாயால் சொல்லவை. உன் மனைவி, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்றால், எப்போது வருகிறது என்று கேள். அவள் காலைப் பார்க்காதே.

அப்பாவை நினைத்தால்தான் ஆறவில்லை. 'நீயே எடேன்' என்று கேட்டபோது அவருக்கு உண்மை தெரியும். 'வண்டியக் கெடுத்தது நீ இல்ல, எடு' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் சாவியை எடுத்திருப்பேன். உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல் சட்டையைக் கழற்றிவிட்டார். அவர் உனக்காக வாயை மூடினார், நான் ரோஷத்துக்காகக் கையைக் கட்டினேன். நீ அங்கே ஏசி ரூமில் இருந்தாய். போன மனுஷரிடம் சண்டை போடக்கூட வழியில்லை. படத்துக்கு விளக்கு ஏற்றும்போது சில நாள் திரும்பி நின்றுகொண்டு ஏற்றுகிறேன்.

திவசத்துக்கு முந்தின நாள் நீங்கள் மூன்று பேரும் வந்து இறங்கும்போது, திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான்தான் வண்டியோடு வருவேன். பயமாக இருந்தால் டாக்ஸி பிடித்துக்கொள், வருத்தப்படமாட்டேன். மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். ஐயர் எழுந்து போனதும், இலை போடுமுன், நான் அவர்களிடம் அந்த ஆடி வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அப்பா கேட்டார், சாவி பக்கத்தில் இருந்தது, நான் எடுக்கவில்லை என்று. என் பங்கை மட்டும்தான் சொல்வேன். கயிறு, கரும்பு, சேறு எதுவும் என் வாயிலிருந்து வராது. செல்வராசும் வாயைத் திறக்கமாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்து என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். சொல்லி முடித்தபிறகு நான் உன் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். நீ வாயைத் திறக்க அவ்வளவு நேரம்தான் உனக்கு. அதற்குள் திறக்காவிட்டால், இலை போடச் சொல்லிவிட்டு நானே உனக்கும் பரிமாறுவேன். அதன்பிறகு இந்தப் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன், உன்னிடம் வேறு எதுவும் கேட்கவும் மாட்டேன்.

அம்மா